இஞ்சின் பழுது என்ற பகிடி

1990இல் மன்னாரிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது ஸியாதுக்கு இரண்டு வயது. புத்தளத்தில் எத்தாளைக்கு அருகே, அகதிகளுக்குப் போட்ட ஓலைக் கொட்டிலில் வளர்ந்தான். போர் முடிந்த பிறகு கொழும்பில் சர்வதேச உறவுகள் படித்து, அங்கேயே ஓர் ஆய்வு நிறுவனத்தில் வெளியுறவுக் கொள்கை பற்றி எழுதும் வேலையில் சேர்ந்தான். அப்படியொரு தொழில் இருப்பதே எங்கள் கரையில் பலருக்கு அவனால்தான் தெரிந்தது. அவன் ராத்தா என்று கூப்பிடும் அக்கா நிஸ்மியாவின் கணவன் ஜெமீல் கடற்றொழிலாளி. "எங்கட மச்சான் கடதாசியில கப்பல் ஓட்டுறார்" என்று கேலி செய்வான்.

2016இல் ஸியாத் கடல் எல்லை மீறல் பற்றி ஓர் அறிக்கை எழுதினான். எல்லை தாண்டிப் பிடிபடும் இந்திய இழுவைப் படகுக்காரர்கள் இயந்திரம் பழுது என்று சொன்னால் நீதிமன்றங்கள் ஏற்கக் கூடாது என்பது அவன் வாதம். எங்கள் கரையில் ஒரு பகிடி உண்டு. கலியாண வீட்டுக்குப் பிந்தி வருகிறவனிடம் காரணம் கேட்டால் "இஞ்சின் பழுது" என்பான். ஸியாத் அதையே சான்றாக எழுதினான்: இயந்திரக் கோளாறு வெறும் சாட்டு என்று புத்தளம் மீனவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். அறிக்கை பாராட்டப்பட்டது, பதவியும் உயர்ந்தது.

2018 ஒக்ரோபரில் ஜெமீலின் இயந்திரம் நடுக்கடலில் உண்மையாகவே நின்றுவிட்டது. நீரோட்டம் இழுத்துப்போன படகை இந்தியக் காவல் படகு பிடித்தது. இது நவம்பரில் நடந்ததாகப் பத்திரிகைகள் எழுதியது தவறு. தமிழ்நாட்டு நீதிமன்றமொன்றில் ஜெமீல் இயந்திரம் பழுது என்று சொன்னபோது, அரச வழக்கறிஞர் ஸியாதின் அறிக்கையிலிருந்து அந்த வரிகளை வாசித்துக் காட்டினார். பிணை கிடைக்கவில்லை.

நிஸ்மியா பஸ் ஏறிக் கொழும்பில் தம்பியின் அலுவலகத்துக்கே போனாள்.

"பகிடியப் போய் எழுதினியாடா? மூளை இருக்கா உனக்கு?"

"இந்தியப் படகுகள நினைச்சுத்தான் ராத்தா எழுதினன்..."

"கடல்ல நிண்டுபோற இஞ்சினுக்கு நாடு இருக்கா? அவர வெளிய எடுத்துத் தா."

அறிக்கையைத் திரும்பப் பெறும்படி ஸியாத் பணிப்பாளரிடம் கேட்டான்.

"உமக்கு ஒரு மச்சான்," என்றார் அவர். "இழுவைப் படகுகளால வலை இழந்தவங்க வடக்கில எத்தனை பேர்? அவங்களுக்கு நாம என்ன சொல்றது?"

வலை இழந்தவர்களில் மன்னாருக்குத் திரும்பிப்போன, அவனுடைய தகப்பனின் தம்பியான சாச்சாவும் ஒருவர். ஆனாலும் ஸியாத் வேலையை விட்டான். தான் எழுதியது பிழை என்று சத்தியம் செய்து, சத்தியக்கடதாசி முடித்து அந்த நீதிமன்றத்துக்கு அனுப்பினான். குற்றஞ்சாட்டப்பட்டவரின் மனைவியின் தம்பி எழுதிக் கொடுத்தது என்று சொல்லி அரச வழக்கறிஞர் அதை ஒரே வாக்கியத்தில் தள்ளினார். நீதிமன்றமும் ஏற்கவில்லை. பிறகு அவன் எழுதிய கட்டுரைகளை எவரும் வெளியிடவில்லை.

கடைசியாகச் சிறையிலிருந்து தொலைபேசி வந்தபோது நிஸ்மியா தான் பேசாமல், "நீயே சொல்லு" என்று கருவியைத் தம்பியிடம் நீட்டினாள்.

"இப்பவும் எழுதுறியா மச்சான்?" என்று ஜெமீல் கேட்டான்.

"இல்ல. விட்டுட்டன்."

"நீயும் விட்டா, என்னை ஆர் வெளிய எடுக்கிறது?"

ஸியாத் வாய் திறக்குமுன் சிறையில் பேசக் கொடுத்த நேரம் முடிந்துவிட்டது.