சுவருக்கு வெளியே பத்தொன்பது பேர்

பங்குக் கோயிலுக்கு நூறு வயது ஆனது. வரலாறு எழுத, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் பேனாவைத் திறந்தார். ஒவ்வொரு பங்குத்தந்தைக்கும் ஓர் அத்தியாயம், மணிக்கூண்டுக்கு இரண்டு. தெற்குச் சுவருக்கு வெளியே கிடந்த நிலத்துக்கு மட்டும் ஒரே வரி: "ஆதிமுதல் தரிசு." விழாவன்று கார்கள் நிற்க இடம் வேண்டுமே!

அந்த வரி காதில் விழுந்ததும் மருத்துவச்சி கம்பை ஊன்றிக்கொண்டு பங்கு அலுவலகத்துக்கு வந்தாள். வயது எண்பத்தாறு. ஊரில் பாதிப் பேரின் தொப்புள்கொடி அவள் அறுத்தது.

"தரிசா? என் கையால ஞானஸ்நானம் குடுத்த பத்தொன்பது பிள்ளைங்க அங்கதானே படுத்திருக்கு!"

"பதிவேட்டுல இல்லையே, பெரியம்மா. நான் என்ன செய்ய?" என்றார் தலைமையாசிரியர்.

பதிவேட்டில் எப்படி இருக்கும்? உயிர் போகும் நேரத்தில் யார் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்தாலும் செல்லும் என்பது திருச்சபைச் சட்டம். அதற்காகவே பிரசவ அறையில் அவள் ஒரு செம்புத் தண்ணீர் வைத்திருப்பாள். ஆனால் செத்த பிள்ளைகளைக் கொண்டுவந்தபோது, அன்றைய சாமியார் சாட்சி கேட்டார். பிரசவ அறையில் சாட்சிக்கு யாரைக் கூப்பிடுவது, நீதிபதியையா? ஞானஸ்நானம் இல்லை, ஆகவே கல்லறைத் தோட்டத்தில் இடமும் இல்லை என்று முடிந்தது. தகப்பன்மார் துணியில் சுற்றிச் சுவருக்கு வெளியே புதைத்தார்கள். பிழைத்த பிள்ளைகளுக்கு மட்டும் அதே சாமியார் சாட்சி கேட்டதே இல்லை.

"அந்தப் பதிவேட்டுல உன் பக்கத்தைப் புரட்டு, வாத்தியாரே."

அவர் புரட்டினார். தம் பிறந்த தேதிக்கு நேரே இருந்தது: "வீட்டில் மருத்துவச்சி ஞானஸ்நானம் அளித்தாள். கோயிலில் எஞ்சிய சடங்குகள் மட்டும்."

"நீலம் பாரிச்சுப் பொறந்தே நீ. உனக்கு மட்டும் யாரு சாட்சி? என் வார்த்தை செல்லாதுன்னா, இத்தனை வருஷமா எந்தத் தைரியத்துல நற்கருணை வாங்கினே?"

'நீங்கள் சொல்வது சரி' என்ற மூன்று சொற்களுக்கு அந்தப் படித்த நாக்கு வளையவில்லை. மறுநாள் பூசை முடிந்து எல்லோரும் போனபின், கோயிலின் பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு, அறுபத்துமூன்று வயதில் தலையைக் குனிந்து, 'ஏற்கெனவே பெறாதிருந்தால்' என்ற நிபந்தனையோடு பங்குத்தந்தையிடம் அவர் இன்னொரு ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டார். இனி அவருக்கு அவள் வார்த்தை வேண்டியதில்லை. 'தரிசு' அப்படியே அச்சுக்குப் போனது.

பூசைக்கு எடுபிடி வேலை பார்க்கும் கோயில்பிள்ளை வந்து விஷயத்தைச் சொன்னபோது அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

"தண்ணி பட்டதும் கத்தினானா? அன்னைக்குக் கத்தினான். அதுலதான் உசிரு இருக்குன்னு தெரிஞ்சுது."

விழாவன்று விடியும் முன்பே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிப்போய் அந்த நிலத்தின் வாசலில் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"எந்திரிங்க பெரியம்மா, ஆயர் கார் வருது!"

"வரட்டும்யா. பிள்ளைங்க தூங்குது, ஹாரன் அடிக்காம வரச் சொல்லு."

தூக்கி அப்புறப்படுத்த ஒருவருக்கும் துணிவில்லை. பொழுது சாயும்வரை அவள் அசையவில்லை. கார்கள் எல்லாம் தெருவில் வெயில் காய்ந்தன.

அடுத்த மாதம் அவள் இறந்தாள். அடக்கத்தில் தலைமையாசிரியர், கைக்குட்டையும் கையுமாக, அவளை 'நம் பங்கின் தாய்' என்று முக்கால் மணிநேரம் புகழ்ந்தார். அவளைச் சுவருக்கு உள்ளேதான் புதைத்தார்கள். எட்டாம் நாள், சுவருக்கு வெளியே கார் நிறுத்தத் தரையெங்கும் சிமெண்டுக் கல் பதிக்க ஆட்கள் வந்தார்கள்.