குழாயில் ஏறிய குளிர்

எஞ்சின் மலைக்கு வந்து சேர்ந்தது தை மாதம் பதினெட்டாம் தேதி, பிற்பகல் மூன்றரை மணிக்கு. என் நோட்டில் அப்படித்தான் இருக்கிறது. அன்று மழை இல்லை. காலை ஆறு மணிக்கு வெப்பமானி ஐம்பத்தாறு டிகிரி பாரன்ஹீட் காட்டியது.

அப்போது கொல்லிமலைக்கு ரோடு கிடையாது. பேளுக்குறிச்சிப் பக்கமிருந்து ஏறும் ஒற்றையடிப் பாதைதான் எல்லாவற்றுக்கும் வழி. உப்பும் துணியும் அதில்தான் மேலே வந்தன; மிளகும் பலாப்பழமும் அதில்தான் கீழே போயின. எஞ்சினும் அதிலேதான் வந்தது. எட்டுப் பேர் மூங்கிலில் கட்டித் தூக்கிவந்தார்கள். உதிரிச் சாமான்கள் மரத்தூள் நிரப்பிய ஒரு பெட்டியில் தனியாக வந்தன.

அது ஒரு சின்னக் காரின் எஞ்சின். எங்கள் காப்பித் தோட்டத்தின் முதலாளி கீழே டவுனில் இருந்தார். அவருடைய கார் புளியமரத்தில் மோதி உடம்பு நசுங்கிவிட்டது. எஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதைப் பம்போடு இணைத்தால் பள்ளத்து ஊற்றிலிருந்து நாற்றங்காலுக்குத் தண்ணீர் ஏற்றலாம் என்று நான்தான் அவருக்கு எழுதினேன். தொட்டியை நாற்றங்காலுக்குப் பக்கத்தில் கட்டாமல், இன்னும் மேலே, என் வீட்டுக்குப் பின்னால் கட்ட வேண்டும் என்றும் எழுதினேன். அங்கிருந்து தண்ணீர் தானாகவே எல்லா இடத்துக்கும் இறங்கும் என்பது நான் சொன்ன காரணம். சொல்லாத காரணம் என் மனைவி.

நான் அந்தத் தோட்டத்தின் கணக்குப்பிள்ளை. தனி வீடு. பக்கத்து வீடு என்பது அரை மைல் தள்ளி, சாமை விளையும் சரிவுக்கு அந்தப்புறம். கல்யாணமான புதிதில் அவள் என்னோடு வந்து நான்கு மாதம் இருந்தாள். ஊற்றிலிருந்து வீட்டுக்குக் குடம் சுமந்து ஏற வேண்டும். ஐப்பசி மழையில் ஒரு நாள் பாசிக் கல்லில் வழுக்கி விழுந்தாள். இடது மணிக்கட்டு முறிந்தது. அவள் அண்ணன் வந்து டோலி கட்டித் தாய்வீட்டுக்கு அழைத்துப் போனார். டோலியில் உட்கார்ந்துகொண்டு அவள் சொன்னது இவ்வளவுதான்:

"தண்ணி ஊட்டு வாசலுக்கு வரட்டும். அப்பறம் பாக்கலாங்க."

எலும்பு கூடி ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. மாதம் இரண்டு கடிதம் தவறாமல் எழுதினேன். மழை எத்தனை அங்குலம், எந்தச் செடி பூத்தது, பத்திரிகையில் என்ன படித்தேன் என்று எழுதுவேன். அவளும் பதில் எழுதுவாள். ஆனால் வரவில்லை. தண்ணீர் வந்தால் வருவாள் என்று நான் முடிவு கட்டியிருந்தேன்.

எஞ்சினைப் பிரித்துத் துடைத்துச் சரிசெய்து கொடுத்தவர் மலையடிவாரத்தில் பட்டறை வைத்திருந்த ஒரு முஸ்லிம் மெக்கானிக். பெட்டியோடு அவருடைய கடிதம் வந்தது. "மேலே காற்று மெலிசு. இங்கே போடும் பெட்ரோல் அளவு அங்கே அதிகம். கறுப்புப் புகை வரும், இழுக்காது. அதற்காக ஓட்டை சின்னதான ஜெட் ஒன்றைத் தீப்பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். அதை மாற்றிக்கொள்ளவும்." ஜெட் என்பது கார்புரேட்டருக்குள் இருக்கும் ஒரு பித்தளைத் திருகு, சுண்டு விரல் நகம் அளவு. அதன் நடுவில் ஊசித் துவாரம். எஞ்சின் எவ்வளவு பெட்ரோல் குடிக்கலாம் என்பதை அந்தத் துவாரம்தான் தீர்மானிக்கிறது.

மரத்தூளைக் கிளறித் தீப்பெட்டியை எடுத்தேன். உள்ளே ஒன்றும் இல்லை.

மெக்கானிக் மறந்துவிட்டார் என்று நினைத்தேன். ஒரு கார்டு போட்டுவிட்டு, இருப்பதை வைத்து ஓட்டிப் பார்த்தேன். மாசி இரண்டாம் தேதி எஞ்சின் முதல் தடவையாக மலையில் உயிர் பெற்றது. அவர் சொன்னபடியே புகை கறுப்பாக வந்தது. சளி பிடித்தவன்போல இருமிக்கொண்டே ஓடியது.

பம்பிலிருந்து தொட்டிவரை பதினொரு துண்டுக் குழாய். ஒவ்வொன்றிலும் சுண்ணாம்பால் எண் எழுதியிருந்தேன். தண்ணீர் எதுவரை ஏறியிருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. ஆனால் வெயிலில் கிடக்கும் இரும்பு சுடும்; தண்ணீர் ஏறிய இடம்வரை சில்லென்றிருக்கும். எஞ்சினை ஓடவிட்டுவிட்டு, குழாயை உள்ளங்கையால் தொட்டுத் தொட்டுச் சரிவில் ஏறுவேன். குளிர் எங்கே முடிகிறதோ அந்த எண்ணை நோட்டில் எழுதுவேன். மாசி இரண்டு: ஐந்தாம் துண்டு.

அந்த மாதம் முழுவதும் அதுதான் என் வேலை. முதலாளி கொடுத்திருந்த மோட்டார் புத்தகத்தை நான்கு தடவை படித்தேன். பிளக்குகளைக் கழற்றிக் கரியைச் சுரண்டி, தபால் கார்டின் கனத்துக்கு இடைவெளி வைத்தேன்: ஐந்தரை. வால்வுகளை உட்காரவைத்துத் தேய்த்தேன், மூன்று நாள். அதற்குப் பிறகு ஆறேகால். தீப்பொறி விழும் நேரத்தைக் கொஞ்சம் முன்னே தள்ளினேன்: ஏழு. பெல்ட் வழுக்குகிறது என்று கண்டுபிடித்துக் குங்கிலியம் தடவினேன்: ஏழரை. ஒரு செம்புக் கம்பி இழையை ஜெட்டின் துவாரத்துக்குள் செருகி அதைச் சிறிதாக்கப் பார்த்தேன். அன்று ஒன்பதுவரை ஏறியது. என் கை ஒன்பதாம் துண்டில் இருக்கும்போதே இழை நகர்ந்துவிட்டது. எஞ்சின் இருமி நின்றது. குளிர் என் கைக்குக் கீழே மெல்ல இறங்கிப் போனதை உணர்ந்தேன்.

இதையெல்லாம் பார்க்க யாரும் இல்லை. ஒன்பதுவரை ஏறியது என்று சொல்ல ஆள் இருந்திருந்தால் அன்றைக்குச் சாப்பிட்டிருப்பேன் என்று நினைக்கிறேன். நோட்டில் 'ஒன்பது, மூன்று நிமிடம்' என்று மட்டும் எழுதிவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

மாசி முடியும்போது மெக்கானிக்கின் பதில் வந்தது. "வைத்தேன். என் கையாலேயே வைத்தேன்" என்று எழுதியிருந்தார். அப்படியென்றால் தூக்கிவந்தவர்கள்தான் தொலைத்திருக்க வேண்டும். அவர்களைக் கேட்டிருக்கலாம். அவர்களுடைய தலைவன், என் வயதுக்காரன்தான், சந்தை நாளுக்கு அடுத்த நாள் தவறாமல் பெட்ரோல் டின்னோடு வருவான். தபாலும் அவன் கையில்தான் வரும். டின்னை இறக்குவான், நான் தலையாட்டுவேன், போய்விடுவான். திருடியதாகச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொள்வான் என்று பயந்து நான் கேட்கவில்லை.

பங்குனி எட்டாம் தேதி, கீழே போக வேண்டிய வேலை இருந்தது. பாதி இறக்கத்தில், சமவெளி முதல் தடவையாகக் கண்ணில் படும் திருப்பத்தில், எல்லைக் கல் ஒன்று உண்டு. மலைக்குள் புதிதாக வரும் எந்தப் பொருளிலிருந்தும் ஒரு சிட்டிகை அந்தக் கல்லுக்கு வைத்துவிட்டுத்தான் சுமைக்காரர்கள் மேலே நடப்பார்கள். உப்பு என்றால் நாலு கல் உப்பு, துணி என்றால் ஒரு நூல். பல தடவை பார்த்திருக்கிறேன், நின்றதில்லை. அன்று செருப்புக்குள் முள் ஏறியதால் நின்றேன். கல்லின் அடியில், காய்ந்த பூவுக்கு நடுவில், மஞ்சள் தடவிய ஒரு பித்தளைத் துணுக்கு மின்னியது.

என் ஜெட்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எஞ்சின் மலைக்குப் புதிய பொருள். அதிலிருந்து எதைக் கிள்ளுவது? பெட்டியைத் திறந்து, இருப்பதிலேயே சின்னதாக, போனால் தெரியாததாகப் பார்த்து எடுத்திருக்கிறார்கள்.

சுற்றிலும் பார்த்தேன். பாதையில் யாரும் இல்லை. மேலேயும் கீழேயும் ஒருமுறை காது கொடுத்துக் கேட்டேன். அதை எடுத்து மடியில் செருகிக்கொண்டு, போக வேண்டிய வேலைக்குப் போகாமல் மலைக்கே திரும்பினேன். ஏறும்போது ஒரு தடவைகூட நிற்கவில்லை.

அன்று மாலை நாலேகால் மணிக்கு எஞ்சினை ஓட்டினேன். புகை முதலில் சாம்பல் நிறமானது, பிறகு கண்ணுக்கே தெரியவில்லை. இருமல் நின்றது. வண்டுபோல ஒரே சீராக ஒலித்தது. குழாயைத் தொட்டுக்கொண்டு ஏறினேன். ஏழு, எட்டு, ஒன்பது எல்லாம் சில்லென்றிருந்தன. பத்தைத் தொடும்போது மேலே தொட்டிக்குள் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பதினொன்றைத் தொட மறந்துபோனேன். நோட்டில் அந்த எண் மட்டும் ஊகம்.

தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வெளிச்சம் போகும்வரை நின்றேன். அரைத் தொட்டி நிறைந்ததும் எஞ்சினை நிறுத்தினேன். மலை மறுபடியும் பழைய மாதிரி அமைதியானது. முன்னைவிட அதிகமாக என்றுகூடத் தோன்றியது. வாசலில் வைத்த குழாயைத் திருகிக் கை கழுவினேன். கழுவ வேண்டிய அழுக்கு ஒன்றும் இல்லை. பிறகு மனைவிக்குக் கடிதம் எழுதினேன்: தண்ணீர் வந்த தேதி, மணி, தொட்டியின் ஆழம், ஒரு குடம் நிறைய எத்தனை வினாடி ஆகிறது, எல்லாம்.

நான்காம் நாள் சுமைக்காரர்களின் தலைவன் வந்தான். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. டின்னை இறக்கிவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்டான்.

"ஏனுங்க, சத்தம் மாறியிருக்குதுங்களே."

"சரி பண்ணிட்டேன்."

"பண்ணியிருப்பீங்க. கல்லுகிட்ட ஒரு பொருளைக் காணமுங்க. காக்கா தூக்கிட்டுப் போயிருக்கும்னு எங்க ஆளுங்க சொல்றாங்க. செருப்புப் போட்ட காக்கா போலிருக்குதுன்னு நான் சொன்னேன்."

அவன் முகத்தில் கோபம் இல்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தான்.

"அது இல்லாட்டி ஓடாதுப்பா. ஒரு மாசமா தேடினேன்" என்றேன்.

"எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா நாங்களே எடுத்துக் குடுத்திருப்பமுங்க. மத்ததெல்லாம் பெருசு பெருசா இருந்துச்சு. அது ஒண்ணுதான் கிள்ளி வெச்ச மாதிரி இருந்துச்சு. அதுலதான் உசுரு இருக்குதுன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தப்பா நெனச்சுக்குவியேன்னுதான்..."

"இங்க வந்து ரெண்டு வருசம் ஆவப்போவுது. எங்க ஊட்டுல ஒரு நாளு உப்புகூடக் கேட்டதில்லீங்க நீங்க. எங்க ஊட்டுக்காரி கேக்கறா, அந்தக் கணக்குப்பிள்ளை சோறு திங்கறாரா, பொஸ்தகத்தைத் திங்கறாரான்னு."

நான் சிரித்தேன். என் சிரிப்புச் சத்தம் எனக்கே புதிதாக இருந்தது.

"இப்ப என்ன செய்யறது?"

"எடுத்த எடம் காலியா இருக்கக் கூடாதுங்க. அதே சாமானுல வேற ஒண்ணு வைங்க. எடுத்த கைதான் வைக்கணும்."

கழற்றிப் போட்டிருந்த பெரிய ஜெட் என் மேஜையில் இருந்தது. மறுநாள் காலை அவனோடு நடந்து போய் அதைக் கல்லடியில் வைத்தேன். அவன் தன் மடியிலிருந்து மஞ்சள் எடுத்துத் தடவினான். "முன்னதைவிட இது கொஞ்சம் பெருசுதான். சாமிக்கு லாபமுங்க" என்றான். திரும்பும் வழியில் அவன் வீட்டில் சாமைச் சோறு சாப்பிட்டேன். அவன் மனைவி கதவுக்குப் பின்னால் நின்று, நான் எத்தனை கவளம் சாப்பிடுகிறேன் என்று எண்ணிக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு என்று அவனிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

மனைவியின் பதில் சித்திரை ஆறாம் தேதி அவன் கையில் வந்தது. வழக்கமான நீளம் இல்லை.

"தண்ணீர் வந்த நாளும் மணியும் எழுதியிருக்கிறீர்கள். குடம் நிறைய எத்தனை வினாடி என்றும் எழுதியிருக்கிறீர்கள். சந்தோஷம். உங்கள் பழைய கடிதங்கள் எல்லாவற்றையும் எடுத்துவைத்துக்கொண்டு இன்று ஒருமுறை படித்தேன். மழை எவ்வளவு என்று எல்லாவற்றிலும் இருக்கிறது. என்னை வா என்று ஒன்றிலும் இல்லையே. நீங்கள் ஒரு தடவை கேட்டிருந்தால் தண்ணீர் இல்லாவிட்டாலும் வந்திருப்பேன். கை எப்போதோ சரியாகிவிட்டது."

அவள் சொன்னதை நம்பாமல் என் நோட்டைப் புரட்டினேன். அனுப்பும் கடிதங்களின் சுருக்கத்தை அதில் குறித்துவைப்பது என் பழக்கம். முப்பத்து மூன்று கடிதங்கள். அவள் சொன்னது சரி.

சுமைக்காரன் வாசலில் காத்திருந்தான். ஒரு கார்டு எடுத்து எழுதினேன். மழையைப் பற்றி எழுதவில்லை. மை காய்வதற்கு முன்பே அவனிடம் கொடுத்தேன். அவனுக்குப் படிக்கத் தெரியாது. கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"ஒரே ஒரு வரிதானுங்களா?"

"அவ்வளவுதான்."

"எப்பவும் ரெண்டு பக்கமும் எறும்பு ஊர்ந்த மாதிரி எழுதுவீங்களே" என்றபடி அதைத் தலைப்பாகைக்குள் செருகிக்கொண்டு இறங்கிப் போனான்.

அதற்குப் பிறகு ஆறு சந்தை நாள்கள் வந்து போயின. தபாலில் ஒன்றும் வரவில்லை. எஞ்சினைத் தினமும் காலையில் ஓட்டினேன். நாற்றங்காலுக்குப் போக மீதித் தண்ணீர் தொட்டியிலிருந்து வழிந்து வீணானது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் கரியே இல்லை, இளவறுப்புக் காப்பிக்கொட்டையின் நிறம். புத்தகத்தில் சரியான நிறம் என்று போட்டிருந்ததும் அதுதான். சரிசெய்வதற்கு எதுவும் மிச்சமில்லாததால் பகல்கள் மிகவும் நீளமாக இருந்தன.

அவள் வந்தது வைகாசி பத்தொன்பதாம் தேதி. டோலி வேண்டாம் என்று நடந்தே ஏறினாளாம். எல்லைக் கல்லில் சுமைக்காரர்கள் நின்றபோது, கூந்தலிலிருந்து ஒரு பூவைக் கிள்ளி வைத்தாளாம். இதெல்லாம் அவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்த வருஷ நோட்டில் காலியாக இருக்கும் ஒரே வரி அந்தத் தேதிக்கு உரியது. மழை பெய்ததா, எஞ்சினை ஓட்டினேனா, தொட்டியில் தண்ணீர் எவ்வளவு இருந்தது என்று இன்று யாராவது கேட்டால் எனக்குத் தெரியாது.