எங்க நைட்டிக் கடைக்கு வந்த ஆன்லைன் கூட்டம்

திருச்சியில ஆன்லைன் விளம்பரத்த முதல்ல புரிஞ்சுக்கிட்ட நைட்டிக் கடைக்காரன் நான்தான். பொய்ங்க. இன்னிக்கு வரைக்கும் புரியல. நாலாங்கிளாஸையே ரெண்டு வருஷம் படிச்சவன் நான். மத்தவங்க ஃபெயிலுன்னு சொல்லுவாங்க. வாத்தியாருக்கு என்னை விட மனசு வரலன்னு நான் சொல்லிக்குவேன்.

மலைக்கோட்டைக்குக் கீழ ஒரு சந்துல கடை. எதிரெதிர ரெண்டு பேர் வந்தா, ஒருத்தர் என் கடைப் படியில ஏறி நின்னுதான் வழி விடணும். ஏறுனவங்கள்ல பாதிப் பேரு நைட்டியோடதான் இறங்குவாங்க. என் வியாபாரத் தந்திரமே அவ்வளவுதான். பெரிய ரோட்டுல மாடி மாடியா ஜவுளிக்கடை வந்ததும் சந்துக்குள்ள ஆளே வரல. எதிர்ல யாருமே வரலன்னா எவன் ஏறி நிப்பான்?

தீபாவளிக்குள்ள வியாபாரம் எந்திரிக்கலன்னா கடைய மூடிட்டு, அந்த ஜவுளிக்கடைக்கே வேலைக்குப் போயிடறதுன்னு நானும் என் வீட்டுக்காரியும் பேசி முடிச்சோம். பேசுனது அவ. முடிச்சதும் அவ. தலையாட்டுனது நான்.

அப்பதான் தில்லைநகர்ல இருக்கற விளம்பரக் கம்பெனியிலேர்ந்து ஒரு பொண்ணு லேப்டாப்போட வந்துச்சு.

"அங்கிள், நாங்க குத்துமதிப்பா விளம்பரம் போடறதில்ல. டேட்டா பாத்துப் போடுவோம். எந்த ஏரியா, என்ன வயசு, எத்தன மணிக்கு லேடீஸ் உங்க நைட்டியப் பாக்குறாங்கன்னு எல்லாமே தெரியும்."

"அதெல்லாம் தெரிஞ்சு வச்சிருக்கறவன எங்க ஊர்ல கட்டி வச்சு உதைப்பாங்கம்மா."

அது சிரிச்சிட்டு விளக்கிச் சொல்லுச்சு. விளம்பரம் ஜனங்க போன்ல வரும். யாராவது அமுக்குனா நம்ம பணத்துல கொஞ்சம் போகும். அன்னிக்குப் போட்டது தீந்ததும் விளம்பரம் படுத்துக்கும். அதனால நீங்க அமுக்காதீங்கன்னும் தெளிவாத்தான் சொல்லுச்சு. நானும் தெளிவாத்தான் தலையாட்டுனேன்.

வீடு ஸ்ரீரங்கத்துல. மறுநாள் பல்லு கூட விளக்கல, போன எடுத்தேன். என் கடைப் பேரு. கீழ என் வீட்டுக்காரி எடுத்துக்குடுத்த பூப்போட்ட நைட்டி. கண்ணு கலங்கிடுச்சுங்க. அமுக்குனேன், திறந்துச்சு. மறுபடி அமுக்குனேன், மறுபடி திறந்துச்சு. வேலை செய்யுதான்னு பாக்கணும்ல? அவளும் அவ போன்ல அமுக்குனா. பக்கத்துத் தெருவுல இருக்கற அவ அக்காவுக்குப் போன் போட்டா.

"அக்கா, நம்ம கடை போன்ல வருது. அமுக்கு."

"அமுக்கிட்டேன்டி. என் மாமியாரும் அமுக்குனாங்க. கண்ணு தெரியாதுல்ல, நாலஞ்சு தடவ அமுக்குனாங்க."

அதுலேர்ந்து அது நித்தியப்படி ஆயிடுச்சு. வாசல் தெளிக்கறது, கோலம், காபி, நைட்டிய அமுக்கறது. கோயில்ல பெருமாளுக்கு விடியக்காலை விஸ்வரூப தரிசனம் முடியறதுக்குள்ள எங்க விளம்பரத்துக்கு நடை சாத்தியிருக்கும்.

கொஞ்ச நாள் கழிச்சு அந்தப் பொண்ணு ரிப்போர்ட்டோட வந்துச்சு. மூஞ்சியெல்லாம் பல்லு.

"செம ரெஸ்பான்ஸ் அங்கிள். எல்லாம் ஸ்ரீரங்கம் லேடீஸ். விடியக்காலையில பாக்குறாங்க, திரும்பத் திரும்ப வர்றாங்க. இவங்க கண்டிப்பா வாங்குவாங்க. சமயபுரம், உறையூர் எல்லாத்தையும் நிறுத்திட்டு மொத்தத்தையும் இங்கயே போட்டுடலாம்."

"போடும்மா"ன்னேன். அன்னிக்கு முழுக்கச் சட்டைக் காலரத் தூக்கி விட்டுக்கிட்டுத்தான் திரிஞ்சேன். ஸ்ரீரங்கத்துப் பொம்பளைங்க மொத்தமும் விடிஞ்சதும் என் நைட்டியத்தான் பாக்குதுன்னா சும்மாவா?

ஆனா கடைக்கு ஒரு ஈ வரல. தீபாவளி நெருங்கிடுச்சு. மலைக்கோட்டைக்குப் படி எந்தப் பக்கம்னு கேக்க ஒருத்தர் ஏறுனாரு. கேட்டுட்டு இறங்கிட்டாரு.

அடுத்த ரிப்போர்ட் வந்தப்ப என் வீட்டுக்காரி சாப்பாடு கொண்டாந்திருந்தா. லேப்டாப்ப எட்டிப் பாத்தா.

"ஏங்க, கோழி கூவறதுக்கு முன்னாடி எந்திரிச்சு நைட்டி பாக்குறவ எங்க அக்காவத் தவிர எவ இருக்கா?"

அந்தப் பொண்ணுக்கு மூஞ்சி மாறிடுச்சு. "ஆன்ட்டி, நீங்க கிளிக் பண்றீங்களா?"

"தினமும்மா. ஒரு நாள் விட்டதில்ல." விரதம் இருந்தவ மாதிரி சொன்னா.

அது லேப்டாப்ப மெதுவா மூடுச்சு. திட்டியிருந்தா கூடத் தேவலாம். "கொஞ்ச நாளைக்கு உங்க வீட்டுல யாரும் அமுக்காதீங்க. ஊரு முழுக்க மறுபடி போடறேன். உண்மையா யாரு வர்றாங்கன்னு பாப்போம்"னுச்சு.

நிறுத்துனோம். அக்கா மட்டும் "கை பரபரங்குதுடி"ன்னு புலம்பிக்கிட்டே இருந்தாங்க. அப்புறம் அந்தப் பொண்ணு வந்து காட்டுச்சு. எத்தன பேரு அமுக்குனாங்கன்னு காட்டற கோடு சித்திரை மாசத்துக் காவேரி மாதிரி தரையோட தரையாக் கெடந்துச்சு. உறையூர்ல ஒருத்தரும் இல்ல. சமயபுரத்துல ஒருத்தரும் இல்ல. இத்தன நாளும் கடைக்காரனும் நாங்கதான், கூட்டமும் நாங்கதான்.

"இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் அங்கிள்."

"நாள் போயிட்டுத்தான்மா இருக்கு"ன்னா என் வீட்டுக்காரி. டிபன் கேரியர அடுக்குனா. அவ்வளவுதான், கடை முடிஞ்சுது.

இப்ப அந்த மாடி ஜவுளிக்கடையிலதான் இருக்கேன். நைட்டி செக்ஷன் குடுங்கன்னு கேட்டேன். பொம்பளைங்க வாங்கற எடத்துல நீங்க எதுக்குன்னுட்டாங்க. இருபது வருஷமா வேற யாருக்கு வித்தேன்? வாசல்ல கஸ்டமர்கிட்ட பைய வாங்கி வச்சுக்கிட்டு டோக்கன் குடுக்கற வேலை. எழுத்து எனக்குக் கொஞ்சம் தகராறு. அதனால ஆளு இல்லாத நேரமாப் பாத்து இத வாயால சொல்றேன், போன் எழுதிக்குது.

ஒண்ணு சொல்ல விட்டுட்டேன். கடையக் காலி பண்ணுன அன்னிக்கு அந்தப் பொண்ணு வந்து லேப்டாப்பத் திறந்து காட்டுச்சு. அந்தப் படுத்துக் கெடந்த கோட்டுல ஒரு எடத்துல மட்டும் துளியூண்டு மேடு. ஒரே ஒரு கிளிக். எங்க வீட்டுல எல்லாரையும் விசாரிச்சேன், யாரும் அமுக்கல. எந்த ஏரியாம்மான்னு கேட்டேன். அது லேப்டாப்பப் பாக்கல, தரையப் பாத்துச்சு. "தில்லைநகர் அங்கிள்"னுச்சு. எனக்குப் பொறி தட்டுச்சு. "ஏம்மா, அது நீ..."

"அண்ணே, பை வச்சவங்க டோக்கன நீட்டிக்கிட்டு நிக்கிறாங்க. போன்ல என்ன பேச்சு, வாங்க."

வந்துட்டேன் சார்.