மாட்டுக்கு பெல்ட் வாங்கப் போய் பாலிமர் படித்த கதை

எங்கள் சினைமாடு சிமெண்டுத் தரையில் இரண்டாம் தடவை வழுக்கி விழுந்தது. தலை ஈத்து, முதல் கன்று. இன்னொரு தடவை விழுந்தால் கன்று தங்காது என்று மாட்டு டாக்டர் சொல்லிவிட்டார். "பெல்ட் இல்லாம வூட்டுப் பக்கம் வராதீங்க" என்றாள் என் மனைவி செல்வி. சுரங்கத்தில் நிலக்கரி சுமந்து தேய்ந்த பெல்ட்டைக் கொட்டகையில் விரிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அப்படித்தான் போன மாதம் நெய்வேலிக்குக் கிளம்பினேன். நீங்களும் போவதாக இருந்தால் படியுங்கள். எனக்கே முழுசாகப் புரியவில்லை என்பதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

பண்ருட்டியில் காலை ஏழரை பஸ். பாதி பஸ் பலாப்பழம், மீதியில் நாங்கள். இருபது கிலோமீட்டர் சொச்சம், நெய்வேலியை ஒட்டிய வடக்குத்தில் இறங்க முக்கால் மணி நேரம். செல்வியின் தம்பி குமார் ஸ்டாப்பிங்கில் நின்றான். பாலிமர் டிப்ளமோ படித்துவிட்டு மைன்ஸில் கான்ட்ராக்டில் பெல்ட் ஜாயிண்ட் போடுகிறான்.

பழைய பெல்ட் கடையில் மூன்று குவியல். துணி வைத்த ரப்பர், கம்பி வைத்த ரப்பர், பிவிசி. மூன்றும் கறுப்பு, எனக்கு மூன்றும் ஒன்றுதான்.

"எல்லாமே பாலிமர்தான் மாமா. சின்னச் சின்ன மூலக்கூறு ஆயிரக்கணக்குல கோத்துகினு நீளச் சரமா ஆவுது" என்றான் குமார்.

ஓகோ, பிளாஸ்டிக் என்று தலையாட்டினேன். அது மட்டும் இல்லையாம். என் பருத்தி வேட்டி இயற்கை பாலிமர், கையிலிருந்த நைலான் பை மனுஷன் செய்த பாலிமர். மரத்திலும் பாலிமர்தானாம்.

"அப்ப பாலிமர் இல்லாதது எதுதான்டா?"

"சோத்துல போடற உப்பு" என்றான். தலை சுற்றியது.

கடைக்கார அக்கா பொறுமையிழந்து இரண்டு துண்டு வெட்டி லைட்டரில் காட்டினார். பிவிசி இளகித் தொங்கியது. அதில் சரங்கள் தனித்தனியாகக் கிடப்பதால் சூட்டில் நழுவும், ஆறினால் இறுகும், தெர்மோபிளாஸ்டிக் என்றான் குமார். ரப்பர் உருகவே இல்லை, கருகி நாறியது. கந்தகம் சேர்த்து வேகவைத்ததில் சரத்துக்குச் சரம் முடிச்சு விழுந்துவிட்டதாம். அதனால்தான் இழுத்தால் நீளும், விட்டால் பழையபடி ஆகும், உருகாது.

நான் உருகுகிற பிவிசியையே கேட்டேன். கொட்டகைக்கு இரண்டு பட்டை வேண்டும், ஒட்ட வேண்டாமா? தார்ப்பாய் கிழிந்தால் கத்தியைப் பழுக்கக் காய்ச்சி ஒட்டுகிறவன் நான். அக்கா பிவிசிமேல் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி, "ஏறி நில்லுங்கண்ணே" என்றார். நின்றேன். அடுத்த நொடி உட்கார்ந்திருந்தேன். ரப்பர்மேல் ஊற்றி நின்றபோது கால் நகரவில்லை.

ஆக, ஒட்டுவது வழுக்கும், வழுக்காதது ஒட்டாது. இதில் எதை வாங்குவது? அதற்குள் செல்வி போன் செய்தாள். "காலையிலேர்ந்து படுத்துகினே இருக்குதுங்க. எழுப்பவே பயமா இருக்குது."

"ஒட்டாமலே போடுங்க மாமா. ரெண்டு பட்டைக்கும் நடுவுல இருக்கற இடைவெளி மாட்டு வயித்துக்குக் கீழ வந்தா கால் படாது" என்றான் குமார். துணி வைத்த ரப்பரில் இரண்டு பட்டை எடுத்தேன். ஏற்றிவர குட்டியானை வண்டி வாடகை ஆயிரத்து இருநூறு.

போகிறவர்களுக்கு: கம்பி வைத்தது வேண்டாம், வெட்டின முனை மடியைக் கிழிக்கும். தண்ணீர் ஊற்றி ஏறிப் பார்க்காமல் வாங்காதீர்கள். விரித்ததும் மாடு ஏறிவிடும் என்றும் நம்பாதீர்கள். எங்களுடையது கறுப்பைப் பள்ளம் என்று நினைத்ததோ, நாற்றம் பிடிக்கவில்லையோ, ஏறவே இல்லை. செல்வி பெல்ட்டின்மேல் உட்கார்ந்து கூப்பிட்டும் பார்த்தாள், அழுதும் பார்த்தாள். மிச்சமிருந்த சிமெண்டு ஓரத்தில், நாங்கள் பரப்பிய வைக்கோல்மேல், மூன்றாம் நாள் மாடு ஈன்றது.

கன்று எழுந்தது. ஈரச் சிமெண்டில் நாலு காலும் நாலு பக்கம் போய் விழுந்தது. தவழ்ந்தே பெல்ட்டுக்குப் போய் அங்கே நின்றது. தாய் கழுத்தை நீட்டியது, நாக்கு எட்டவில்லை. பெல்ட்டின்மேல் ஏறிப்போய் நக்கியது.