நான் நிறுத்திய சத்தங்கள்

தீபாவளி சீசனில் எங்கள் வீட்டுக்குப் பகல்தான் இரவு. அம்மா சிவகாசியில் ஒரு தனியார் மருத்துவமனையின் தீக்காயப் பிரிவில் நர்ஸ். பண்டிகை நெருங்க நெருங்க அவளுக்கு இரவு டூட்டியாகவே விழும். காலையில் வந்து குளித்து, ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, உள் அறை ஜன்னலில் கறுப்புப் போர்வையை மாட்டிக்கொண்டு படுப்பாள். அப்பா அச்சகத்தில் மிஷின் ஓட்டினார். காலண்டருக்கும் டைரிக்கும் அதே மாதங்கள்தான் சீசன் என்பதால் அவர் வீட்டுக்கு வருவதே சாப்பிடவும் சட்டை மாற்றவும்தான். எனக்கு அப்போது பத்து வயது. காலாண்டு விடுமுறை. பகல் முழுக்க வீட்டில் இரண்டு பேர் இருப்போம். ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார். மற்றவர் நான்.

ஆளே இல்லாத வீட்டில் தனியாக இருப்பது ஒரு வகை. தூங்குகிறவருடன் தனியாக இருப்பது வேறு வகை. முதல் வகையில் பாடலாம், டிவி போடலாம், பாத்திரத்தைக் கீழே போடலாம். இரண்டாவது வகையில் பிஸ்கட்டைக்கூட வாயில் ஊறவைத்துத்தான் மெல்ல வேண்டும். நான் அதில் நன்றாகவே தேறியிருந்தேன். முன் அறையின் தரையில் எந்தக் கல் ஆடும், எந்த அலமாரிக் கதவு முனகும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும்.

அப்படியும் அம்மா அடிக்கடி எழுந்து வருவாள். கட்டில் கிறீச்சிடும், கதவு திறக்கும், பாதித் தூக்கத்தில் வந்து நிற்பாள். என்னை ஒரு பார்வை பார்ப்பாள். பானையில் ஒரு டம்ளர் தண்ணீர் மோந்து உதட்டில் வைத்துவிட்டு மறுபடியும் போய்ப் படுப்பாள். ஒரு பகலில் இப்படிப் பலமுறை நடக்கும். ஏதோ ஒரு சத்தம் அவளை எழுப்புகிறது, எழுந்தபின் தாகம் எடுக்கிறது என்று நான் கணக்குப் போட்டிருந்தேன்.

எனக்கு இரண்டு அம்மாக்கள் இருந்தார்கள். தூங்கிய அம்மா, தூங்காத அம்மா. தூங்கிய அம்மா எனக்குப் பின்னல் போடும்போது ஏதாவது ஒரு பழைய பாட்டை முணுமுணுப்பாள். நான் சொல்கிற பள்ளிக்கூடக் கதையின் நடுவே கேள்வி கேட்பாள். ரசம் ரசமாக இருக்கும். தூங்காத அம்மா கதைக்கு ‘ம்’ மட்டும் கொட்டுவாள். சிரிப்பு வரும் இடத்திலும் அழுகை வரும் இடத்திலும் அந்த ‘ம்’ ஒரே அளவில் வரும். அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, எதற்குப் பற்றவைத்தோம் என்று அதன் முன்னால் நிற்பாள்.

அந்த வாரம் தூங்காத அம்மாதான் வந்துகொண்டிருந்தாள்.

ஒரு நாள் காலை, வாசலில் செருப்பைக் கழற்றியபடியே அவள் அப்பாவிடம் பேசுவதைக் கேட்டேன்.

“ராத்திரி நாலாம் பெட்டு ஊசிய அஞ்சாம் பெட்டுக்கு எடுத்துட்டேன். ஏத்தப்போற நேரம் பெரிய சிஸ்டர் பாத்துட்டாக.”

“ஒண்ணும் ஆகலேல்ல?”

“ஆகல. ஆயிருந்தா? இன்னொரு தடவ பாத்தேன்னா மேல எழுதிக் குடுத்துருவேன், வீட்டுலயே இருந்துக்கோன்னு சொல்லிட்டாக. அவுக சொல்றதும் நியாயந்தான. கண்ணு முழிச்சுத்தான் இருக்கு. மண்டதான் தூங்குது.”

அப்பா சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு, பாலைப் பார்த்துக்கொள் என்று சொல்கிற குரலில் என்னிடம் சொன்னார்: “பாப்பா, இன்னைக்காவது அம்மா நல்லாத் தூங்கட்டும். பாத்துக்கோ.”

அவருக்கு அது வாசல்படியில் சொன்ன ஒரு வார்த்தை. எனக்கு அது வேலை நியமனம்.

அம்மா படுக்கப் போகும்போது, ஒருநாள் தூங்காவிட்டால் அப்படி என்ன ஆகிவிடும் என்று கேட்டேன்.

“எங்க வார்டுல தோலு கருகிக் கெடக்காகல்ல, அவுகளுக்குப் புண்ணு ஆறுறதே தூக்கத்துலதான். தூக்கம் வரலேன்னா மருந்து குடுத்தாவது தூங்க வெப்போம். நல்லா இருக்கறவுகளுக்கும் அதே கததான். பகல்ல ஒடைஞ்சதெல்லாம் தூக்கத்துலதான் ஒட்டும்.”

“ஒனக்கு என்ன ஒடைஞ்சுச்சு?”

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். “போ, கதவச் சாத்து.”

இப்போது நான் இயந்திரங்களின் சத்தத்தையும் அதிர்வையும் அளக்கிற வேலையில் இருக்கிறேன். ஒரு சத்தத்தைக் குறைக்க வேண்டுமானால் முதலில் அது எங்கிருந்து வருகிறது என்று வரிசைப்படுத்த வேண்டும். அன்று யாரும் சொல்லித்தராமலே அதைச் செய்தேன். சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றினேன். சொட்டுகிற குழாயின் வாயில் துணியைக் கட்டினேன். அது தண்ணீரை ஓசையில்லாமல் வாளிக்கு இறக்கியது. ஃப்ரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினேன். கம்பிக் கதவின் கொண்டியை என் தலை ரிப்பனால் சுற்றினேன். அம்மாவின் செல்போனை அணைத்தேன். ஃபேனை நிறுத்தினால் வேர்க்கும் என்பதால் அதற்கு மட்டும் விலக்கு கொடுத்தேன்.

மிச்சம் இருந்தவை வெளியில். நாங்கள் மாடியில் குடியிருந்தோம். கீழ்த்தளத்தில் வீட்டுக்கார அண்ணாச்சியின் காலண்டர் பட்டறை. மாதக் காலண்டரின் தலையில் தகரப் பட்டையை வைத்து அழுத்துகிற மிஷின் காலை முதல் இரவு வரை டப், டப் என்று அடித்துக்கொண்டேயிருக்கும். நான் படியிறங்கிப் போய் அண்ணாச்சியின் மேசை முன்னால் நின்றேன்.

“மிஷின நிறுத்துங்க அண்ணாச்சி. அம்மா தூங்கணும்.”

“சிஸ்டருக்கு மேலுக்குச் சரியில்லையா?”

“அதெல்லாம் இல்ல. தூங்கலேன்னா வேலைய விட்டு அனுப்பிருவாங்க.”

அண்ணாச்சி திரும்பி மிஷின்காரரைப் பார்த்தார். “ஏலே, நிறுத்துலே.”

“சாயங்காலம் லோடு ஏத்தணும் அண்ணாச்சி.”

“ஏத்துவோம்லே. ஒங்கையி மிஷின்ல சிக்குனப்ப ஓடியாந்து கட்டுப் போட்டது யாரு? ஆர்டர் குடுத்தவனா வந்து போட்டான்? வா, சாப்பாட்ட இப்பவே முடிச்சுருவோம்.”

“இந்நேரத்துக்கா? எங்க வீட்டுக்காரியுந்தான் தினம் தூங்குறா, அதுக்கு ஒரு நாளாவது மிஷின நிறுத்திருக்கீகளா?”

“அவ தூங்குனா ஒனக்குத்தாம்லே நிம்மதி, எனக்கு என்ன?”

மிஷின் நின்றது. பட்டறையே சிரித்துக்கொண்டு கையைக் கழுவப் போனது.

அடுத்தது வீட்டுக்குப் பின்னாலிருந்த காலிமனை. பக்கத்துப் பட்டாசுக் கடைக்காரர் வெளியூர் வியாபாரிகளை அங்கே அழைத்து வந்து, சாம்பிளுக்கு ஒவ்வொரு ரகத்திலும் ஒன்று வெடித்துக் காட்டுவார். நான் விஷயத்தைச் சொன்னதும் ஊதுவத்தியைக் கையில் பிடித்தபடியே என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“சிவகாசில பெறந்துட்டு வெடிக்காதீகன்னு சொல்ற மொத ஆளு நீதான் பாப்பா.”

வடக்கிலிருந்து வந்திருந்த வியாபாரிகளுக்கு அவர் பேசுகிற பாஷை புரியாது. இரண்டு கைகளையும் கன்னத்தில் வைத்துத் தலையைச் சாய்த்துக் காட்டினார். அவர்கள் தலையாட்டிச் சிரித்தார்கள். எல்லாரும் டீக்கடைப் பக்கம் நடந்தார்கள்.

நான் மாடிக்கு வந்து முன் அறையின் நடுவில், ஆடாத கல்லாகப் பார்த்து உட்கார்ந்தேன். அப்படியொரு அமைதியை எங்கள் தெருவில் அதற்கு முன் நான் கேட்டதில்லை. முதலில் பெருமையாக இருந்தது. பிறகு பெருமை மெதுவாக இறங்கியது. டப், டப் என்பது அதுவரை எனக்குச் சத்தமாக இருந்தது. அது போன பிறகுதான் அது துணையாகவும் இருந்தது தெரிந்தது. மடியில் கைகளை வைத்துக்கொண்டு என் மூச்சையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

கட்டில் கிறீச்சிட்டது.

அம்மா கதவைத் திறந்தபோது முழுசாக விழித்திருந்தாள். “சத்தத்தக் காணோமே,” என்றாள். ஜன்னலுக்குப் போய்ப் பார்த்தாள். காலிமனையில் ஒருவரும் இல்லை. போனை எடுத்தாள். அது செத்துக் கிடந்தது.

“எப்ப இருந்து சத்தம் இல்ல?”

“அரை மணி நேரமா!” என்றேன். பாராட்டை வாங்கிக்கொள்ளத் தயாராக எழுந்தும் நின்றேன்.

அவள் முகம் வெளுத்தது. நைட்டிக்கு மேல் வெள்ளைக் கோட்டை மாட்டினாள். ஒரு காலில் அவள் செருப்பு, மறு காலில் அப்பாவின் செருப்பு. ரிப்பன் சுற்றிய கொண்டி அவசரத்தில் திறக்க வராமல், அதை அப்படியே பிய்த்துக்கொண்டு படியில் இறங்கினாள். நான் பின்னாலேயே ஓடினேன். சாப்பிட்டுத் திரும்பிய அண்ணாச்சியும் ஆட்களும் கீழே நின்றிருந்தார்கள்.

“எங்க அண்ணாச்சி? எந்தக் கம்பெனி? எத்தன பேரு?”

“என்ன கேக்கீக சிஸ்டர்?”

“மிஷின் நின்னுருச்சே. சாம்பிள் போடலியே. எல்லாம் நின்னுருச்சே!”

அண்ணாச்சிக்கு அப்போதுதான் புரிந்தது. புரிந்ததும் அவர் முகமும் மாறியது. “ஐயோ, ஒண்ணுமில்ல சிஸ்டர். ஒரு கம்பெனிலயும் ஒண்ணுமில்ல. நீங்க தூங்கணும்னு பாப்பாதான் நிறுத்தச் சொல்லுச்சு.”

எங்கள் ஊரில் வெடிச் சத்தத்துக்கு யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அது தினமும் கேட்பது. ஒரு பட்டாசுக் கம்பெனியில் விபத்து என்று செய்தி வந்தால்தான் பட்டறைகள் ஒவ்வொன்றாக நிற்கும், சாம்பிள் போடுகிறவர்கள் நிறுத்துவார்கள், எல்லாரும் தெருவில் வந்து புகை எந்தப் பக்கம் என்று பார்ப்பார்கள். மருத்துவமனை வேலை தொடங்குவது அந்த அமைதியிலிருந்துதான். பத்து வயதில் எனக்கு இது தெரியாது. சத்தத்துக்கு எழுந்து வருகிறவள், சத்தமே இல்லாததற்கு ஏன் இப்படி ஓடிவந்தாள் என்று மட்டும் யோசித்தேன்.

அம்மா கடைசிப் படியில் உட்கார்ந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே கோட்டின் முனையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள். வெகுநேரம் எடுக்கவில்லை.

“ஏலே, மிஷினப் போடு,” என்றார் அண்ணாச்சி மெதுவாக.

டப், டப். அம்மா கண்ணை மூடி அதைக் கேட்டாள்.

நான் பார்த்துக்கொண்ட லட்சணத்தில் அவள் அன்று தூங்காமலே டூட்டிக்குப் போகப்போகிறாள். பெரிய சிஸ்டர் எழுதிக் கொடுக்கப்போகிறார். மாடியேறும்போது அம்மா என் கையைப் பிடித்திருந்தாள். திட்டு வரும் என்று காத்திருந்தேன்.

“நா தூங்குற நேரமெல்லாம் நீ இப்பிடித்தான் இருப்பியா? மூச்சுக் காட்டாம?”

“ஆமா.”

“அதான்,” என்றாள். எது அதான் என்று சொல்லவில்லை. “உள்ள வா. கட்டில் பக்கத்துல உக்காந்து எதையாவது பேசு.”

“நீ தூங்கணும்லா?”

“நீ பேசு. நா தூங்குறேன்.”

எனக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. பதினாறாம் வாய்ப்பாட்டில் தொடங்கினேன். அது முடிந்ததும் எங்கள் வகுப்பில் யார் யார் எந்த வரிசையில் உட்காருகிறார்கள் என்று சொன்னேன். என் பக்கத்தில் உட்கார்ந்த பெண் இப்போது வேறு வரிசைக்குப் போய்விட்டாள் என்பதும் அதில் வந்துவிட்டது. திரும்பிப் பார்த்தால் அம்மா வாய் லேசாகத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். கதையின் முக்கியமான இடத்தை அவள் கேட்கவில்லை. இருந்தாலும் விடாமல் பேசினேன். அன்று அவள் தண்ணீர் குடிக்க எழவே இல்லை.

சாயங்காலம் எழுந்தது தூங்கிய அம்மா. எனக்குப் பின்னல் போட்டாள், பாட்டும் வந்தது. டூட்டிக்குப் போய் மறுநாள் காலையில் ஆரஞ்சு மிட்டாயோடு திரும்பினாள். பெரிய சிஸ்டர் எதையும் எழுதிக் கொடுக்கவில்லை, அன்றும் இல்லை, அதற்குப் பிறகும் இல்லை.

ஆனால் விடுமுறை முழுக்க எனக்கு அதுவே வேலையாகிவிட்டது. கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தூங்குகிறவளிடம் பேசுவது. சொல்வதற்கு இருந்ததெல்லாம் தீர்ந்த பிறகு கழிவுக் காலண்டர் தாள்களில் நல்ல நேரத்தை வாசித்தேன், தீப்பெட்டி மேலட்டையை வாசித்தேன். பள்ளிக்கூடத்தில் யாரிடமும் சொல்லாதவற்றையும் சொன்னேன். எதற்கும் ‘ம்’ கூட வராது. முன் அறையில் வாயை மூடிக்கொண்டு இருந்த நாட்களைவிட இது எனக்கு இன்னும் தனிமையாக இருந்தது.

தொண்டை காய்ந்து நான் நிறுத்திவிடுகிற நேரங்களும் உண்டு. எழுந்து முன் அறைக்குப் போய்ச் சும்மா உட்கார்ந்திருப்பேன். கொஞ்ச நேரத்தில் கட்டில் கிறீச்சிடும். அம்மா கதவருகே வந்து நிற்பாள், என்னை ஒரு பார்வை பார்ப்பாள், ஒரு டம்ளர் தண்ணீர் மோந்து உதட்டில் வைத்துவிட்டுப் போய்ப் படுப்பாள். அவள் போன பிறகு டம்ளரை எடுத்துப் பார்த்தால் தண்ணீர் மோந்தபடியே நிறைந்திருக்கும். அதைச் சிந்தாமல் பானையில் ஊற்றிவைப்பேன்.

அம்மா தண்ணீருக்காகத்தான் எழுந்து வருகிறாள் என்றே பல வருடங்கள் நினைத்துக்கொண்டிருந்தேன்.