ஒரு படகு, இரண்டு மச்சான்மார், நடுவில் நான்: பிரான்ஸ் கால்வாயில் ஒரு கிழமை

ஆக்லாந்தில் நாங்கள் இருக்கும் கிளென் ஈடனில் ஜூலை மாதம் குளிர்காலம், துவைத்த உடுப்பு மூன்று நாளானாலும் காயாது. அந்த நேரம் பார்த்து வெயில் உள்ள ஊருக்குப் போக வேண்டும் என்று வருடா வருடம் சொல்வோம். பிறகு ஹீட்டரைப் போட்டுக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிடுவோம். இந்த வருடம் உண்மையாகவே போனோம். தெற்குப் பிரான்சில் கனால் து மிதி என்ற பழைய கால்வாயில், வாடகைப் படகில், ஏழு நாள். போகும் யோசனை உள்ளவர்களுக்காக விவரங்களை எழுதுகிறேன். நடுவில் கொஞ்சம் குடும்பக் கதையும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெயில் மட்டும் காரணமில்லை. என் ஒரே அண்ணா முப்பது வருடமாகப் பாரிசில் இருக்கிறார். அவரும் என் கணவரும் ஏழு வருடமாகக் கதைப்பதில்லை. எங்கள் மகள் பெரியவளானதற்குச் செய்யும் சாமத்தியவீட்டுக்கு நாள் குறித்து, தாய்மாமன் என்ற முறையில் அண்ணா சேலை, நகை எல்லாம் வாங்கி, டிக்கெட்டும் எடுத்துவிட்டார். கடைசி நேரத்தில் மகள் தனக்கு இது வேண்டாம் என்று அழுதாள். இவர் அவள் பக்கம் நின்று விழாவை நிறுத்தினார். அது சரிதான், நானும் சம்மதித்தேன். ஆனால் அந்தச் செய்தியைக் போனில் உள்ள குடும்பக் குழுவில் இரண்டு வரி மெசேஜாகப் போட்டுவிட்டு இருந்துவிட்டார். அண்ணா அன்றோடு இவருடன் கதைப்பதை நிறுத்தினார். எனக்கு இருப்பது ஒரே ஒரு கூடப்பிறப்பு. சொந்த வீட்டில் அவரோடு போனில் கதைக்க நான் கராஜுக்குள் போக வேண்டியிருந்தது. இந்தப் பயணத்திலும் சரிவராவிட்டால் இனி ஒருநாளும் சரிவராது என்று எனக்குள் ஒரு பயம். அதனால்தான், எழுந்து போக இடமில்லாத படகாகப் பார்த்து நானே பதிவு செய்தேன். வரமாட்டேன் என்று முதலில் சொல்கிறவர் ஆகிவிடக் கூடாதே என்று இரண்டு பேருமே சம்மதித்தார்கள்.

ஆக்லாந்திலிருந்து டோகா வழியாகப் பாரிஸ், ஒருவருக்கு 2,480 டொலர். பாரிசில் அண்ணாவைச் சேர்த்துக்கொண்டு துலூசுக்கு ரயில், நாலரை மணி நேரம். அங்கிருந்து காஸ்தெல்நோதரி என்ற சின்ன ஊருக்கு இன்னும் நாற்பது நிமிடம். படகுத்துறை ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம். பெட்டி பாரமென்றால் நடக்காதீர்கள். எங்கள் பெட்டிக்குள் ஐந்து கிலோ அரிசி இருந்தது.

படகு பத்து மீட்டர் நீளம். இரண்டு அறை, ஒரு குட்டிக் குசினி, மேலே வெயிலில் இருக்கத் தட்டு. கிழமைக்கு 2,150 யூரோ, டீசலுக்கு 170. லைசென்ஸ் தேவையில்லை. அரை மணி நேரம் பழக்கி, ஒரு கையேட்டையும் தந்து அனுப்பிவிடுகிறார்கள். இவர் ஆக்லாந்தில் பஸ் ஓட்டுகிறவர் என்பதால் ஸ்டியரிங்கை யாரும் கேட்கவில்லை. பஸ்ஸுக்கு பிரேக் உண்டு, படகுக்கு இல்லை என்பது முதல் பாலத்திலேயே அவருக்கு விளங்கியது. கையேட்டை ஒரு வரி விடாமல் வாசித்தவரும் அவர்தான். அண்ணா அதைத் திறந்தும் பார்க்கவில்லை. கடலோடிகளின் ஊரான வல்வெட்டித்துறையில் பிறந்தவருக்குப் படகு பற்றிப் புத்தகமா?

நாங்கள் போனது காஸ்தெல்நோதரியிலிருந்து த்ரெப் வரை, மொத்தம் 53 கிலோமீட்டர். ஆக்லாந்திலிருந்து ஹமில்டன் போகிற தூரத்தில் பாதிகூட இல்லை. அதற்கு ஏழு நாளா என்று கேட்காதீர்கள். மணிக்கு எட்டு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டக் கூடாது. போதாததற்கு வழியில் முப்பதுக்கு மேல் லொக். லொக் என்றால் இரண்டு பக்கமும் கதவு போட்ட தண்ணீர் அறை. படகு உள்ளே போனதும் கதவைச் சாத்தித் தண்ணீரை இறக்குவார்கள், படகும் சேர்ந்து இறங்கும், பிறகு முன்கதவைத் திறப்பார்கள். அந்த நேரம் படகின் முன்னாலும் பின்னாலும் ஆளுக்கொரு கயிற்றைக் கரையிலுள்ள இரும்புக் குத்தியில் சுற்றிப் பிடித்து, தண்ணீர் இறங்க இறங்கத் தளர்த்திக்கொண்டே வர வேண்டும். முன்னுக்கு அண்ணா, பின்னுக்கு இவர். நடுவில் நான்.

என் வேலை தபால்காரி வேலை.

"உம்மட கொண்ணரிட்டச் சொல்லும், லொக் வருகுது எண்டு," என்பார் இவர்.

"உன்ர மனுசனிட்டச் சொல்லு, எனக்குக் கண் தெரியும் எண்டு," என்பார் அண்ணா.

இரண்டு பேருக்கும் இடையில் எட்டு மீட்டர்கூட இல்லை. ஒருவர் சொல்வது மற்றவருக்கு நன்றாகவே கேட்கும். ஆனாலும் நான் திருப்பிச் சொல்லும்வரை அசைய மாட்டார்கள். இந்தப் பாஷையில் இரண்டு நாள், பதினைந்து லொக் தாண்டினோம். அண்ணா கயிற்றைத் தளர்த்துவதுகூட நான் "விடுங்கோ" என்றால்தான். நடு நடுவே கரையோரம் கட்டி, பேக்கரியில் பாண் வாங்கி, கால்வாயோரம் வரிசையாக நட்ட பிளேன் என்ற மரங்களின் நிழலில் தேத்தண்ணீர் குடித்தோம். நோய் வந்து பல இடங்களில் அந்த மரங்களை வெட்டிவிட்டார்கள், தொப்பி கட்டாயம் கொண்டு போங்கள். சூரியகாந்தித் தோட்டங்களுக்கு நடுவே படகு ஊர்ந்து போகும்போது கோபத்தோடு இருப்பது கஷ்டம். ஆனால் எங்கள் ஆட்கள் கெட்டிக்காரர்கள், அதையும் செய்தார்கள்.

மூன்றாம் நாள், ப்ராம் என்ற ஊர் தாண்டி. லொக்குகள் மத்தியானம் பன்னிரண்டரைக்கு மூடி ஒன்றரைக்குத்தான் திறக்கும். அதற்குள் இன்னொன்றைத் தாண்டிவிடுவோம் என்று பன்னிரண்டு பத்துக்கு உள்ளே நுழைந்தோம். அந்த நேரம் பார்த்து அடுப்பில் சோறு பதமாகிவிட்டது. வடிக்க நான் கீழே ஓடினேன். நான் இல்லாமல் அவர்கள் கடந்த முதல் லொக் அதுதான்.

"விடுங்கோ" என்று சொல்ல ஆளில்லாததால், அண்ணா கடற்கரையில் வள்ளம் கட்டுகிற மாதிரி கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டுவிட்டு நிமிர்ந்து நின்றார். இவர் அதைப் பார்த்தார். கட்டினால் படகு தொங்கும் என்று இவருக்குத் தெரியும். தெரிந்தும் என்னைத்தான் கூப்பிட்டார். தண்ணீர் இரைச்சலில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம், சட்டி தானாக நடந்து போய்ச் சிங்குக்குள் விழுந்ததுதான். பின்பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது, முன்பக்கம் கயிற்றில் தொங்கியது. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றபோது மேலேயிருந்து இவருடைய குரல் கேட்டது.

"மச்சான், கயித்தை விடுங்கோ! கட்டக் கூடாது, விடுங்கோ!"

ஏழு வருடத்தில் முதல் வார்த்தை. பாரம் விழுந்து இறுகிய முடிச்சு அவிழவில்லை. லொக்கை இயக்குகிற பெண் ஓடிவந்து தண்ணீரை நிறுத்தி, மறுபடி நிரப்பினாள். படகு மெல்ல நிமிர்ந்தது. அண்ணா முடிச்சை அவிழ்த்தார். அந்தப் பெண் இடுப்பில் கை வைத்துக்கொண்டு இரண்டு நிமிடம் பிரெஞ்சில் திட்டினாள். அது விளங்கிய ஒரே ஆள் அண்ணாதான்.

"என்னவாம்?" என்று இவர் கேட்டார், நேரே அண்ணாவிடம்.

"கயித்தைக் கட்டக் கூடாதாம்."

"அது எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

நான் கரண்டியோடு படியில் நின்றேன். அண்ணா கேட்டது கயிற்றைப் பற்றி மட்டுமில்லை என்று மூன்று பேருக்கும் விளங்கியது. இவர் அண்ணாவின் பக்கம் திரும்பினார்.

"சொல்லியிருக்கோணும் மச்சான். அண்டைக்கும் நானே போன் எடுத்துச் சொல்லியிருக்கோணும். என்ன சொல்லுவியளோ எண்டு பயத்தில அப்பிடிப் போட்டிட்டன். பிழைதான்."

"பிள்ளை வேண்டாமெண்டா வேண்டாம். அதில எனக்கு ஒரு கோவமுமில்லை," என்றார் அண்ணா. "ஊரெல்லாம் வாசிச்ச மெசேஜைத்தானே தாய்மாமனும் வாசிச்சன்." பிறகு என் பக்கம் திரும்பி, "சோறு என்னாச்சு?" என்றார்.

சோறு குழைந்துவிட்டது. லொக் தாண்டிக் கரையில் கட்டி, அந்தக் களியைச் சம்பலோடு சாப்பிட்டோம். நான் அழுதுகொண்டே சாப்பிட்டேன், சம்பல் உறைப்பு என்று சொன்னேன். மிச்ச நாலு நாளும் இரண்டு பேரும் வாய் ஓயவில்லை. எந்தப் பக்கம் திருப்புவது என்பதில் தொடங்கி, எந்த நாட்டுப் பாண் திறம் என்பதுவரை சண்டை. வழியில் இருக்கிற கார்க்கசோன் கோட்டையைக்கூட என்னை விட்டுவிட்டு அவர்களே சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

போகிறவர்களுக்குச் சில விஷயம். பெப்ரவரிக்குள் பதிவு செய்யுங்கள். முதல் தடவை என்றால் இறங்குகிற திசையில் போங்கள், ஏறுகிற லொக்கில் தண்ணீர் குமுறிக்கொண்டு வரும். கயிறு கையை உரிக்கும், தோட்ட வேலைக் கையுறை இரண்டு சோடி வேண்டும். சமையலைக் கரையில் கட்டிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி ஆக்லாந்து வரும்போது மிஞ்சிய மிளகாய்த் தூளையும் மறக்காமல் விமான நிலையச் சுங்கப் படிவத்தில் காட்டுங்கள், மறைத்தால் அபராதம். கயிற்றைப் பிடிக்கிறவருக்கு ஓட்டுகிறவரே நேரடியாகச் சொல்ல வேண்டும், இடையில் ஆள் வைக்காதீர்கள்.

இப்போது கராஜில் காரை மட்டும்தான் நிறுத்துகிறோம். அண்ணா டிசம்பரில் ஆக்லாந்துக்கு வருகிறார், மூன்று கிழமை நிற்பாராம். எனக்கு இதைச் சொன்னது அண்ணா இல்லை, இவர்.