கட்டங்களுக்குள் கொட்டாஞ்சேனை

கொட்டாஞ்சேனையில் செபஸ்தியனைப் படக்காரர் என்றால்தான் தெரியும். காலமானவர்களின் சிறிய புகைப்படங்களில் கட்டம் கீறுவார். பெரிய துணியிலும் அதே கணக்கில் கட்டம் கீறி, ஒவ்வொரு கட்டமாக முகத்தை வளர்த்தெடுப்பார். மூக்கு நூலளவும் பிசகாது.

அவருடைய ஆசையோ வேறு. கொழும்பில் வருடாவருடம் நடக்கும் ஓவியக் கண்காட்சியில் தன் படம் ஒன்று தொங்க வேண்டும். அனுப்பிய தெருக்காட்சிகளெல்லாம் "புகைப்படம் போலிருக்கிறது" என்று திரும்பி வந்தன. 1938இல், இந்த முறையும் திரும்பினால் இனி முகங்களோடு நின்றுவிடுவது என்று முடிவுகட்டினார்.

மழை விட்ட ஒரு காலையில் தன் தெருவையே எடுத்துக்கொண்டார். வழக்கம்போலக் கட்டம் கீறி, அடிநிறங்களைத் தட்டையாகப் பூசினார். ஓட்டுச் சிவப்பு, சுவர் மஞ்சள், தண்ணீர் தேங்கிய தெருவின் ஈயநிறம். அதன்மேல் கதவும் சன்னலும் ரிக்‌ஷாவும் வரவேண்டும். தூரிகையை எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். தெரு ஏற்கெனவே வந்துவிட்டிருந்தது. ஒரு கதவு வைத்தாலும் அது ஓடிப்போய்விடும்போல் இருந்தது.

"என்னங்க, வீடுகளைக் காணல்லயே?" என்றாள் மனைவி யோசெப்பின்.

"இனி வராது."

"காய்ச்சல் கீய்ச்சல் அடிக்குதா?"

அவர் சட்டத்தில் புதுத் துணி கட்டினார். சில கட்டங்களை ஒன்றாக்கினார். கூரைச் சரிவு விழுந்த இடங்களை முக்கோணமாக வெட்டினார். மிஞ்சியது நிறமும் கோடும்தான்.

தகப்பனாரின் படத்தை எடுத்துப்போக வெள்ளவத்தையிலிருந்து வந்த பொன்னம்பலம் அந்தத் தெருப்படத்தைக் கண்டு சிரித்தார். "உடுக்கிற சாரம் வடிவாத்தான் கிடக்கு, தம்பி. எப்ப நெய்யப் பழகினனீர்?"

"ஐயாட அப்பாவையும் இப்பிடிக் கீறித் தரட்டா?"

"ஐயையோ! மனிசி திவசத்துக்குச் சமைக்கமாட்டாள்."

செபஸ்தியன் தெருப்படத்தைத் தானே சுமந்துபோய்க் கண்காட்சிக்குக் கொடுத்தார். இந்தத் தடவை அது திரும்பி வரவில்லை.

திறப்பு நாளில், வாசலுக்கு நேரெதிர்ச் சுவரில் அது தனியாகத் தொங்கியது. உள்ளே வந்தவர்கள் முதலில் அதன் முன்னால்தான் போய் நின்றார்கள். யோசெப்பின் வெகுநேரம் பார்த்தாள். பிறகு அவர் கையை இறுகப் பிடித்தாள்.

"எங்கட தெருதான். மழை விட்ட உடனே வாற வெளிச்சம்!"

செபஸ்தியனின் நெஞ்சு நிமிர்ந்தது.

"அடுத்தது என்ன?" என்று கேட்டாள்.

"கடல்," என்றார் அவர், சபை கேட்கச் சத்தமாக. "அதுக்கு ரெண்டே கட்டம் போதும்."